அரை மணி நேரத்தில் தொலைந்த தென்துருவம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டால் அவன் நாலு வார்த்தையோடு நிறுத்தமாட்டான் என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனி அது அவர்கள் பாடு.

நீங்கள் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள், தென்துருவத்துக்கு மேலே உள்ள முகில்கள் நிறம் நிறமாகத் திரையில் வந்துவிடுகின்றன. எங்கள் காலத்தில் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு அறை இருந்தது. ஒரு கணினியும், அதைவிட வயதான ஒரு மின்விசிறியும் இருந்தன. வெளிநாட்டில் நான் படித்த ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் செய்மதித் தரவுகளை இறுவட்டுகளில் பதிந்து தபாலில் அனுப்புவார். அவற்றில் முகில் தேடுவது எங்கள் வேலை.

அது என்ன முகில் என்று கேட்காத ஆள் மட்டக்களப்பில் கிடையாது. துருவத்தில் மாதக்கணக்கில் சூரியன் வராத குளிர்காலத்தில், இருபது கிலோமீற்றர் உயரத்தில், சாதாரண முகில் எட்டிப் பார்க்காத இடத்தில் அது உருவாகும். வெளிச்சமே இல்லாத இடத்தில் சாதாரண கமெரா என்ன செய்யும்? ஆனால் எந்தப் பொருளும், எவ்வளவு குளிர்ந்தாலும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைக் கொஞ்சமாவது வெளியிட்டுக்கொண்டே இருக்கும். செந்நிறக்கீழ்க் கதிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். செய்மதி பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து அந்தக் கதிரை அளக்கும். முகில் இருந்தால் அளவு மாறும். அந்த முகிலின் மேல் நடக்கும் இரசாயனத்தால்தான் ஓசோன் படையில் ஓட்டை விழுகிறது.

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். முடித்ததும் கேட்டவர் கேட்பார்: "அதுல இருந்து மழை பெய்யுமா சேர்?"

"பெய்யாது."

"அப்ப என்னத்துக்கு?"

ஊரில் எனக்கு 'முகில் சேர்' என்று பெயர் விழுந்தது. அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. யுத்த காலத்தில் 'செந்நிறக்கீழ்க் கதிர்' என்று வாயைத் திறப்பதே ஆபத்து. இருட்டில் ஆளைக் காட்டும் கண்ணாடியும் அதே கதிரில்தான் வேலை செய்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் இராணுவச் சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, எல்லா விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதால எங்களப் பார்க்க ஏலுமா?" என்றார். வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் காவலரணில் நின்ற பெடியனும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதே கேள்வியை, அதே முகத்தோடு கேட்டான். இரண்டு பேருக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். இந்தச் செய்மதிக்கு உங்களில் ஒருவரையும் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் பனிக்கட்டித் தூள்தான் என்றேன். இரண்டு பேருமே கொஞ்சம் ஏமாந்தது போலத்தான் என்னை அனுப்பினார்கள்.

எங்கள் கூடத்தில் மூன்று பேர். நான் பொறுப்பாளன். காத்தான்குடி நஸீர் தொழில்நுட்பவியலாளர். கணினியும் மின்விசிறியும் அவருக்கு மட்டும்தான் கட்டுப்படும். யோகராணி ஆய்வு உதவியாளர். வீடு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையில். தினமும் காலையில் மண்முனைத் துறையில் பாதை ஏறி வருவாள். பாதை என்றால் நாங்கள் வாவியைக் கடக்கும் மிதவை. பாலம் வந்த பிறகு பிறந்த அறிவாளிகளுக்காகச் சொல்கிறேன்.

சுனாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடம் பூட்டிக் கிடந்ததால் நாங்கள் மூவரும் தப்பினோம். நஸீரின் மாமியும் அவருடைய மனைவியின் தங்கையும் தப்பவில்லை. அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே அதிகம் பேசப் போவதில்லை. பேசத் தொடங்கினால் முகில் கதைக்குத் திரும்பி வரமாட்டேன். மூன்று வாரம் கழித்து நான் கூடத்துக்குப் போனபோது நஸீர் எனக்கு முதலே வந்திருந்தார். சேற்றிலிருந்து இறுவட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, கொடியில் உடுப்புக் கௌவியால் கௌவித் தொங்கவிட்டிருந்தார். வீதியால் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று கழுவத் தொடங்கினேன். அழுகை வந்தது. அவர் பார்க்காதது போல இருந்தார்.

கழுவியவற்றில் பாதிதான் பிழைத்தது. அளவீடுகள் பதிந்த வட்டுகள் தப்பிவிட்டன. எந்த நேரத்தில் செய்மதி பூமியில் எந்த இடத்தைப் பார்த்தது என்ற விபரம் பதிந்த வட்டுகள் போய்விட்டன. முகில் இருக்கிறது, எங்கே என்று தெரியாது. திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ரோசம். செய்மதியின் சுற்றுப்பாதையை நானே கணக்கிட்டு இட அட்டவணை செய்கிறேன் என்று பேராசிரியருக்கு எழுதினேன்.

அவர் பதிலோடு இன்னொரு செய்தியும் வந்தது. அவருடைய கூடத்தில் மேற்படிப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. யோகராணியின் முதல் ஆய்வு அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வார். ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் அவள் அங்கே வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுடைய அப்பா வட்டையில் வயல் செய்கிறவர். அந்த வீட்டிலிருந்து, அந்தக் கரையிலிருந்து, அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளை அப்படி ஓர் இடத்துக்குப் போவது இரண்டாம் முறை கிடைக்கிற விஷயம் அல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பின்னால் சொல்லப்போகும் காரியத்தைச் செய்தேன்.

வேலையைப் பிரித்தோம். எந்த நேரத்தில் முகில் தெரிந்தது என்று யோகராணி ஓர் அட்டவணை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் செய்மதி எங்கே நின்றது என்று நான் இன்னொன்று செய்ய வேண்டும். இரண்டையும் பொருத்தினால் படம் வந்துவிடும். உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லோரும் கிரீனிச் நேரத்தில்தான் செய்வார்கள். நான்தான் ஒரு விசேஷக் கட்டளை போட்டேன். தென்துருவம்தான் தூரத்தில் இருக்கிறது, நேரமாவது நம்முடைய நேரமாக இருக்கட்டும், எல்லாவற்றையும் மட்டக்களப்பு நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள் என்றேன். நாங்கள் தேநீர் குடிக்கும்போது செய்மதி எங்கே போகிறது என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்ட எனக்கு ஆசை. இப்படிப்பட்ட ஆசைகள் வரும்போது சந்தேகப்படுங்கள்.

ஓகஸ்ட் கடைசியில் படம் வந்தது. துருவ முகில்கள் துருவத்தில் இல்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே, எங்கள் தலைக்கு மேலே தொடங்கி அரபு நாடு வரைக்கும் பரவிக் கிடந்தன.

"சேர்" என்றாள் யோகராணி, "தென்துருவத்தில ஒண்டுமே இல்லையே."

"அந்த வருசம் அங்க சூடு கூடவாக்கும்" என்றேன்.

சிரிக்காதீர்கள். மட்டக்களப்புக்கு மேலே பதினேழு கிலோமீற்றர் ஏறினால் மைனஸ் எண்பது பாகை. கீழே நாங்கள் வியர்த்து ஒழுக, மேலே துருவத்துக்கு ஈடான குளிர் இருக்கிறது. இது உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு நான் ஒரு முழுப் பொய்க்கு அத்திவாரம் போட்டேன். படித்தவன் பிழை விட்டால் அப்படித்தான், காரணத்தோடு விடுவான்.

"எதுக்கும் ஒருக்கா முதல்ல இருந்து பாப்பமா சேர்?" என்று இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். கையில் ஏதோ தாள்கள் வைத்திருந்தாள்.

"மேசையில வை. பிறகு பாக்கிறன்" என்றேன். நான் அப்போது அறிக்கையின் தலைப்புக்கு ஏற்ற சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை போனது. பெருமை பொங்கிய நேரமாகையால் அவளுடைய பெயரை முதலில் போட்டேன். என்னுடைய பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

அடுத்த வாரம் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர். யோகராணியின் அப்பா வரச் சொல்லியிருந்தார். போனேன். தேரைப் பார்த்ததைவிட, அவருடைய சொந்தக்காரர்களுக்கு மட்டக்களப்பு முகிலைப் பற்றி விளக்கியதுதான் அதிகம். சாப்பிட்டுவிட்டு, கடைசிப் பாதை ஆறு மணிக்கு என்றதால் அவதி அவதியாகச் சைக்கிளை மிதித்துத் துறைக்கு வந்தேன். என் மணிக்கூட்டில் ஆறுக்குப் பத்து நிமிடம். பாதை கரையில் கட்டிக் கிடந்தது. பாதைக்காரர் ஆற அமர வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்கல்லயா?" என்றேன்.

"இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு சேர்."

"ஆறு மணிக்குத்தானே பாதை?"

"ஓம், ஆறுக்குத்தான். நீங்க பாக்கிறது புது நேரம். எங்களுக்கு அஞ்சு இருவதுதானே."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும், ஏனென்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது வாவிக்கு மேற்கே இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தார்கள். ஒரே வாவி, கிழக்கே எழுவான்கரையில் ஆறு மணி என்றால் மேற்கே படுவான்கரையில் ஐந்தரை. இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யோகராணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அரை மணி நேரம் பிந்தி வந்ததற்கு நான் ஏசியும் இருக்கிறேன். மறுநாளிலிருந்து அவள் சரியாக வந்தாள். அவள் தன் மணிக்கூட்டை மாற்றவில்லை, புறப்படும் நேரத்தைத்தான் மாற்றினாள். அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

"வாற ஆக்கள் எல்லாம் குழம்புறல்லயா?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"என்னத்துக்குக் குழம்புற? கலியாணக் கார்ட்டிலயே 'பழைய நேரம்' எண்டு போட்டுத்தானே அடிக்கிற நாங்க" என்றார் பாதைக்காரர்.

நான் துறையில் கிடந்த மரக்குற்றியில் உட்கார்ந்தேன். என் அட்டவணையின் தலைப்பில் 'மட்டக்களப்பு நேரம்' என்று இருந்தது. யோகராணியின் அட்டவணையின் தலைப்பிலும் நான் சொன்னபடி 'மட்டக்களப்பு நேரம்' என்றுதான் இருந்தது. நான் கிரீனிச்சோடு ஆறு மணி கூட்டியிருந்தேன். அவள் ஐந்தரை கூட்டியிருப்பாள். வேறென்ன கூட்டுவாள்? அவள் பிறந்து வளர்ந்த நேரம் அது. செய்மதி நூறு நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும். அரை மணி பிசகினால் உலகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பிசகிவிடும். தென்துருவத்து முகிலை நான் இழுத்துக்கொண்டு வந்து என் வீட்டுக் கூரைக்கு மேலே கட்டியிருக்கிறேன். ஒரு கலியாண அழைப்பிதழில் இருந்த கவனம் எங்கள் ஆய்வு அறிக்கையில் இருக்கவில்லை.

"தண்ணி கிண்ணி வேணுமா சேர்? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார் பாதைக்காரர். அந்த நாற்பது நிமிடம் போல நீளமான நாற்பது நிமிடத்தை நான் கண்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் கூடத்துக்குப் போய் அரை மணியைத் திருத்தினேன். முகில்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அழகான படம். எட்டு மாத வேலை முழுவதும் சரியாக இருந்தது, என் கட்டளை ஒன்றைத் தவிர.

பேராசிரியர் அந்த வாரக் கடைசியில் முடிவு செய்வார். உடனே எழுத வேண்டும். என்ன எழுதுவது? இங்கேதான் கவனமாகக் கேளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நான் எழுதினேன்: 'எனது உதவியாளர் தனது அட்டவணையில் நாட்டின் உத்தியோகபூர்வ நேரத்தைப் பயன்படுத்தாததால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சட்டப்படி என் நேரம்தான் சரியான நேரம். வாசித்துப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது.

காத்தான்குடியில் ஒரு கடையிலிருந்துதான் நாங்கள் தொலைநகல், அதுதான் பெக்ஸ், அனுப்புவோம். கொண்டுபோகிறவர் நஸீர். கொண்டுபோகும் எதையும் முழுதாக வாசிக்காமல் அவர் கொண்டுபோவதில்லை. நின்றபடியே வாசித்தார்.

"மட்டக்களப்பு நேரத்தில எழுதச் சொன்ன ஆர் சேர்?"

"நான்தான். அதுக்கு?"

"இத அனுப்பினா அந்தப் புள்ளட இடம் போயிரும்."

"பிழை பிழைதானே நஸீர்."

"உங்கட பிழை எண்டு எழுதினா உங்கள ஆரும் எங்கயும் அனுப்பப் போறல்ல. நீங்க இதே கதிரையிலதான் இரிப்பீங்க. அவட பிழை எண்டு எழுதினா அவவும் இங்கயே இரிக்க வேண்டி வரும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் வேலையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று கத்தினேன். அவர் ஆறிப்போன என் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போகக் கையை நீட்டினார். கோப்பையோடு அடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு தாள்களும் எழும்பி வந்தன.

யோகராணியின் கையெழுத்து. இரண்டு அட்டவணைகளையும் கிரீனிச் நேரத்துக்கு மாற்றி, பொருத்தி, படமும் கீறியிருந்தாள். முகில்கள் தென்துருவத்தில் இருந்தன. மேலே தேதி போட்டிருந்தாள். பன்னிரண்டு நாளைக்கு முந்திய தேதி. நான் அறிக்கை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு. பன்னிரண்டு நாளாகச் சரியான விடையின் மேல் கோப்பையை வைத்துத் தேநீர் குடித்திருக்கிறேன். அதன் நடுவில் கபில நிறத்தில் வட்டத்துக்கு மேல் வட்டம்.

நஸீர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் ஏசியிருக்கலாம்.

அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். நேரக் கட்டளை என்னுடையது, உதவியாளர் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியும் தந்தார், நான் பார்க்கவில்லை, முதல் அறிக்கையின் வெட்கமெல்லாம் எனக்குரியது, இத்துடன் இணைத்திருப்பது அவர் தனியாகச் செய்தது என்று எழுதினேன். நான் நல்லவன் என்பதால் திருந்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். கையும் களவுமாகப் பிடிபட்டதால் திருந்தினேன். அப்படித் திருந்துவதிலும் குறைவு ஒன்றும் இல்லை. திருந்தினால் சரி.

யோகராணி வந்ததும் கேட்டேன். "நீ ஏன் மறுகாச் சொல்லல்ல?"

"ரெண்டு தரம் சொன்னனான் சேர். மூண்டாந் தரம் சொன்னா ஏசுவீங்க."

"ஏசினா என்ன?"

"ஏசினா அழுவன். அழுதுகொண்டு நிண்டா பாதை போயிரும்."

இளையவர்களுக்கு நான் புத்தி சொல்வது இந்த இடத்தில்தான். மூன்றாம் தரமும் சொல்லுங்கள், பாதை போனாலும் பரவாயில்லை. மூத்தவர்களாகப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், முதலாம் தரமே கேட்டுத் தொலையுங்கள்.

திரும்பப் படம் கீற நேரமில்லாததால் தேநீர் வட்டத்தோடேயே அந்தத் தாள்கள் பெக்ஸில் போயின. மூன்று நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பதில் வந்தது. யோகராணிக்கு இடம் உண்டு. கீழே பேராசிரியர் தன் கையால் எழுதியிருந்தார்: துருவத்தைச் சுற்றி வீசும் காற்று வளையத்தை இரண்டாம் பக்கத்தில் கறுப்பாகக் காட்டியிருக்கிறீர்கள், அது இவ்வளவு ஒழுங்கான வட்டமாக இருக்காது, அதை மட்டும் ஒருமுறை சரிபார்க்கவும். நஸீர் அதை மூன்று தரம் உரக்க வாசித்தார். சுனாமிக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் போன பிறகு, அடுத்த வருடம், அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி பின்னே இழுத்தது. நாடு முழுவதும் யோகராணியின் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நான் என் மணிக்கூட்டைத் திருப்பும்போது நஸீர் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து நின்றார்.

பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் வாவியைக் கடந்து ஓடி வந்தது. அவளுடைய அப்பா அம்மாவைத் தேடி நானும் நஸீரும் முகாம் முகாமாக அலைந்தோம். கண்டுபிடித்து அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பா நாளை ஆறு மணிக்கு என் வீட்டிலிருந்து பேசுவார் என்றேன்.

"எந்த நேரம் சேர்?" என்றாள் பழக்கத்தில்.

"இப்ப எல்லாம் ஒரே நேரம்தான் புள்ள" என்றேன். அந்தப் பக்கத்தில் அவள் அழுவது கேட்டது. இந்த முறை அவளுக்குப் போக வேண்டிய பாதை ஒன்றும் இருக்கவில்லை. அழட்டும் என்று தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யுத்தம் முடிந்த மறுவருடம் கலாநிதிப் பட்டத்தோடு வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் வந்து ஒரு சிறிய பொதியைத் தந்தாள். பிரித்தால் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டத் தட்டு ஒன்று. மேலே அவளுடைய ஆய்விலிருந்து எடுத்த படம், தென்துருவமும் அதன் முகில்களும்.

"இனி இதுக்கு மேல வையுங்க சேர்" என்றாள்.

உங்களுக்கு இப்போது மேலதிகாரி அவள்தான். தாளைக் கொண்டுபோனால் கையில் வாங்கி, உங்கள் முன்னாலேயே வாசித்துவிடுவாள். பயப்படாதீர்கள். என் வீட்டுக்கும் ஒருநாள் வாருங்கள், தேநீர் தருகிறேன். தென்துருவத்தின் மேல்தான் வைத்துக் குடிக்கிறேன். அடியில் ஒன்றும் கிடக்கவில்லை என்று தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.